கருமருந்துத் தோட்டாவுக்கான தக்கைகளை வீட்டில் வெட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தக்கை என்றால் என்ன? அது இல்லாமல் சுட முடியாதா?

தோட்டாவிலோ குழலிலோ கருமருந்துக்கும் குண்டுக்கும் நடுவே வைக்கும் வட்டுதான் தக்கை. கருமருந்து என்பது வெடியுப்பு, கந்தகம், கரி கலந்த பழைய காலத்து வெடிமருந்து. கடைக்காரர்கள் வாட் என்பார்கள். மருந்து எரிந்து கிளம்பும் வாயு குண்டைத் தள்ள வேண்டும். குண்டுக்கும் குழலுக்கும் இடையிலுள்ள சந்து வழியே அது முன்னால் ஓடிவிடக் கூடாது. அந்தச் சந்தை அடைப்பதுதான் தக்கையின் முதல் வேலை. ஈய ரவைகளைச் சூட்டிலிருந்து காப்பது, உதைப்பை மெத்தையாக வாங்கிக்கொள்வது, கொழுப்பைச் சுமந்து போய்க் குழலில் படியும் கரியை இளக்கமாக வைத்திருப்பது எல்லாம் அடுத்தடுத்த வேலைகள்.

தக்கை இல்லாமலும் சுடலாம். ரவை சிதறும், ஒவ்வொரு தரம் சுடும்போதும் வேகம் மாறும், நாலைந்து தரம் சுடுவதற்குள் குழல் கரியேறி இறுகும். வாங்குகிற தக்கையோ வெட்டுகிற தக்கையோ, வட்டின் விட்டம் குழலுக்குப் பொருந்தியிருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. கனம், நிறம், வழவழப்பெல்லாம் அதற்குப் பிறகு.

சென்னையில் இதைச் செய்யச் சட்டம் இடம் தருகிறதா?

1959-ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டத்தில் 3-ஆம் பிரிவு துப்பாக்கியும் தோட்டாவும் வைத்திருப்பதற்கான உரிமம் பற்றியது. தயாரிப்பதற்கான உரிமம் 5-ஆம் பிரிவில் வருகிறது. இரண்டும் வேறு வேறு. துப்பாக்கி உரிமம் கையில் இருப்பதால் தோட்டா செய்யும் உரிமையும் வந்துவிட்டதாகப் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி வராது. 2-ஆம் பிரிவில் தோட்டா என்ற சொல்லுக்குத் தரும் விளக்கத்தில் தோட்டாவின் பாகங்களும் அதைத் தயாரிக்கும் இயந்திரங்களும்கூட அடக்கம்.

ஆகவே ஃபெல்ட் (நாரை அழுத்திச் செய்த தடித்த துணி) வட்டு தானே என்று அசட்டையாக இருக்க வேண்டாம். சென்னை மாநகருக்குள் துப்பாக்கி உரிமம் தருவது காவல் ஆணையர். அங்கே எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொண்ட பிறகு வட்டு வெட்டும் பஞ்ச் உளியைக் கையில் எடுங்கள். மற்ற மாவட்டங்களில் கேட்க வேண்டிய இடம் வேறு. உங்கள் உரிமத்தில் கையெழுத்திட்ட அலுவலகம் எதுவோ அங்கே. தோட்டாவை மறுபடி நிரப்புவது சட்டப்படி நடக்கும் நாடுகளில் இருக்கும் தமிழர்களுக்கு இந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை, ஆனால் அந்த ஊர்ச் சட்டத்தைப் பார்த்துக்கொள்வது அவர்கள் பொறுப்பு.

எவ்வளவு மருந்து, எவ்வளவு ரவை என்ற கணக்கு இந்தப் பக்கத்தில் கிடையாது. அது குழலில் பொறித்த சோதனை முத்திரையையும் துப்பாக்கி செய்தவர் கொடுத்த அட்டவணையையும் பார்த்து முடிவு செய்ய வேண்டியது. இங்கே பேச்சு தக்கையைப் பற்றி மட்டும்.

ஒரு 12 போர் தோட்டாவில் எத்தனை தக்கை வரும்?

12 போர் என்பது குழலின் அளவு, விளக்கம் அடுத்த கேள்வியில். வழக்கமான அடுக்கு மூன்று. மருந்துக்கு நேர் மேலே கெட்டி அட்டை, சுமார் 3 மி.மீ. கனம், வாயுவை அடைப்பது இதுதான். அதற்கு மேல் மெத்தைத் தக்கை, 10 முதல் 12 மி.மீ.; ஃபெல்ட் அல்லது மென்மையான நார்ப்பலகை. அதன்மேல் ரவை. ரவைக்கு மேலே மெல்லிய மூடி அட்டை, 1 மி.மீ.க்குள்.

சிலர் கெட்டி அட்டையை விட்டுவிட்டு, கொழுப்பேற்றிய ஃபெல்ட்டை நேராக மருந்தின்மேல் வைக்கிறார்கள். அன்றைக்கே சுடுவதாக இருந்தால் பரவாயில்லை. வாரக்கணக்கில் வைத்திருந்தால் கொழுப்பு மருந்துக்குள் இறங்கி, அடி மருந்து மட்டும் எரியும். நடுவில் ஒரு அட்டை இருந்தால் அந்தத் தொல்லை இல்லை.

எந்த விட்டத்தில் வெட்டுவது? 12 போர் என்றால் ஒரே அளவு தானே?

இல்லை. ஒரு பவுண்டு ஈயத்தில் சம அளவாக 12 உருண்டைகள் வார்த்தால் ஒரு உருண்டையின் விட்டம் எவ்வளவோ, அதுதான் 12 போர், கணக்குப்படி 18.5 மி.மீ. 16 போர் 16.8, 20 போர் 15.6. பழைய துப்பாக்கிகளில் 12 என்று பொறித்திருந்தாலும் உள்விட்டம் அரை மி.மீ. இப்படி அப்படி இருக்கும். முத்திரையை நம்பாமல் அளந்து பாருங்கள்.

வாய் வழியாகக் கெட்டிக்கும் துப்பாக்கிக்குக் குழலின் உள்விட்டத்தை அளக்க வேண்டும். வாயில் சற்றே உள்ளே தள்ளி வெர்னியர் அளவுகோலின் உள்பக்கத் தாடையை வைத்து, குறுக்கும் நெடுக்குமாக இரண்டு தரம் அளந்தால் போதும். குழலின் வாய் சுருங்கியிருக்கும் துப்பாக்கியில் வாயளவு உதவாது. அப்படியானால் சுருக்கத்தைத் தாண்டி உள்ளே இருக்கும் விட்டத்தை அளக்க வேண்டும்.

அளவு கிடைத்ததும் அட்டையை 0.2 முதல் 0.3 மி.மீ. கூடுதலாகவும், ஃபெல்ட்டை 0.5 முதல் 1 மி.மீ. கூடுதலாகவும் வெட்டுங்கள். ஃபெல்ட் அமுங்கும், அட்டை அமுங்காது. 18.5 குழலுக்கு அட்டை 18.8, ஃபெல்ட் 19 முதல் 19.5 என்று எடுத்துக்கொள்ளலாம்.

தோட்டாக் கூட்டில் வைப்பதாக இருந்தால் கூட்டின் உள்விட்டத்தைப் பார்க்க வேண்டும். காகிதக் கூட்டுக்குக் குழலளவே ஏறக்குறைய சரியாக வரும். பித்தளைக் கூடு அப்படியில்லை. அதன் சுவர் மெல்லியது, உள்ளே இடம் அதிகம். 12 போர் பித்தளைக் கூட்டில் 12 போர் தக்கையைப் போட்டால் அது தொளதொளவென்று உட்காரும். அதனால் 11 போர் அளவோ (19.1 மி.மீ.) 10 போர் அளவோ (19.7 மி.மீ.) வெட்டுவார்கள். புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதிகமாகச் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

பஞ்ச் எங்கே கிடைக்கும்? நாமே செய்யலாமா?

தோல் வேலைக்கும் கேஸ்கட் வெட்டுவதற்கும் விற்கும் ஹாலோ பஞ்சே போதும். பெரியமேட்டுத் தோல் சந்தைப் பக்கமும் பாரிமுனை ஹார்டுவேர் கடைகளிலும் முழு மி.மீ. அளவுகளில் கிடைக்கும். சிக்கல் என்னவென்றால், நமக்கு வேண்டியது 18.8-ஆக இருக்கும், கடையில் இருப்பது 18-உம் 19-உம். ஃபெல்ட்டுக்கு 19 சரியாகப் போகும். அட்டைக்கு லேத் பட்டறையில் செய்துகொள்ள வேண்டும். அம்பத்தூர்ப் பக்கம் சின்னப் பட்டறைகளில் வரைபடம் கொடுத்தால் ஒரு மணி நேர வேலை.

வரைபடத்தில் நாலு விஷயம் இருக்க வேண்டும். சாய்வு வெளிப்பக்கம் மட்டும். உள்சுவர் நேராக இருந்தால்தான் வட்டின் ஓரம் நேராக வரும். வெட்டும் விளிம்புக்கு மேலே 4, 5 மி.மீ. தாண்டியதும் உள்விட்டம் அரை மி.மீ. கூட வேண்டும், இல்லாவிட்டால் வட்டுகள் உள்ளே அடைத்துக்கொள்ளும். பக்கவாட்டில் ஒரு சன்னல், வட்டுகளைத் தள்ளி எடுக்க. எஃகு ஈ.என்.8 அல்லது சில்வர் ஸ்டீல், விளிம்பு மட்டும் கெட்டிப்படுத்தியது. சாதாரண இரும்புக் குழாயைச் சாணை பிடித்தும் வெட்டலாம், ஆனால் சீக்கிரமே முனை மழுங்கி, ஓரம் கிழிய ஆரம்பிக்கும்.

சுத்தியலால் அடிப்பதைவிட டிரில் பிரஸ்ஸில் மாட்டி, மோட்டாரை ஓடவிடாமல், கைப்பிடியை மட்டும் இறக்கி அழுத்துவது நல்லது. வட்டு சாயாது. சுத்தியல்தான் வழி என்றால் அடியில் மரத்தின் குறுக்கு வெட்டுக் கட்டை வேண்டும், கறிக்கடைக் கட்டை மாதிரி, நார் மேல்நோக்கி நிற்க. பலகையைப் படுக்க வைத்தால் நார்வாக்கில் பஞ்ச் ஒரு பக்கம் ஆழமாக இறங்கும்.

எந்த ஃபெல்ட்? கைவினைக் கடையில் வண்ண வண்ணமாக விற்கிறதே, அது ஆகுமா?

ஆகாது. அது பெரும்பாலும் பாலியெஸ்டர் அல்லது அக்ரிலிக். சூட்டில் உருகிக் குழலில் ஒட்டும், கொழுப்பையும் சரியாகக் குடிக்காது. வேண்டியது சுத்தக் கம்பளி ஃபெல்ட். இயந்திரத்தில் பாலிஷ் போடுவதற்கான சக்கரத்துக்கும் எண்ணெய்ச் சீல்களுக்கும் தாள் தாளாக விற்பது அந்த வகை. 3 மி.மீ. கனமும் 10 மி.மீ. கனமும் எளிதில் கிடைக்கும்.

கடைக்காரர் கம்பளி என்று சொன்னாலும் ஒரு நூலைப் பிய்த்துக் கொளுத்திப் பாருங்கள். கம்பளி பொசுங்கும், முடி கருகிய வாடை வரும், தீயை எடுத்ததும் அணைந்துவிடும். மிஞ்சிய கரியை விரலில் நசுக்கினால் பொடியாகும். செயற்கை நூல் சுருண்டு உருகி, ஆறியதும் கண்ணாடி மணி போல் கெட்டியாக நிற்கும். இரண்டும் கலந்தது என்றால் கரிக்குள் அந்த மணி தட்டுப்படும். பாதிக்குப் பாதி கலந்ததைக்கூட வாங்க வேண்டாம்.

பழைய கம்பளித் தொப்பி, கோட்டு ஆகியவற்றையும் வெட்டுகிறார்கள். நெய்த துணி ஃபெல்ட் ஆகாது. வெட்டிய ஓரத்தில் நூல் பிரிந்து தொங்கினால் ஒதுக்கிவிடுங்கள்.

ஃபெல்ட்டை வெட்டும்போது ஓரம் கோணலாக, முள்ளம்பன்றி மாதிரி சிலிர்த்துக்கொண்டு வருகிறது. ஏன்?

ஃபெல்ட் பஞ்சுக்குக் கீழே அமுங்கி, வெட்டுப்படுவதற்கு முன் இழுபடுகிறது. அடித்தபின் மேல்முகம் பெரிதாகவும் கீழ்முகம் சிறிதாகவும் பம்பரம் போல இருக்கும். காரணம் மழுங்கின பஞ்ச் அல்லது மிருதுவான ஃபெல்ட், பெரும்பாலும் இரண்டும் சேர்ந்து.

பஞ்சைத் தீட்டுவது தனி வேலை. ஃபெல்ட்டுக்கு நம் வீட்டிலேயே மருந்து இருக்கிறது: சோறு வடித்த கஞ்சி. காட்டன் புடவைக்குப் போடும் பதத்தில் நீர்க்கக் கரைத்து, உப்பு சேராத கஞ்சியாகப் பார்த்து, தாளை முக்கிப் பிழிந்து, பலகையில் விரித்து, மேலே இன்னொரு பலகை வைத்து நிழலில் காயவிடுங்கள். பங்குனி வெயில் காலத்தில் ஒரு நாள், கார்த்திகை மழையில் மூன்று நாள். காய்ந்த தாள் அட்டை மாதிரி விறைத்து நிற்கும். இப்போது பஞ்ச் ஒரே அழுத்தில் கரக்கென்று இறங்கும், வட்டின் ஓரம் நாணயம் போல நேராக வரும். வெட்டிய பிறகு விரலால் கசக்கினால் விறைப்பு பாதி போய்விடும். மீதி கொழுப்பில் போகும். கஞ்சி கெட்டியாகிவிட்டால் மட்டும் தொல்லை. ஃபெல்ட்டின் துளைகள் அடைந்து கொழுப்பு ஏறாது. அடுத்த தாளுக்குப் பாதியாகத் தண்ணீர் விடுங்கள்.

கொழுப்பை முதலில் ஏற்றிவிட்டு, குளிர்ந்து இறுகியதும் வெட்டுகிறவர்களும் உண்டு. வெட்டு அருமையாக வரும். ஆனால் பஞ்ச் முழுக்க மெழுகு, பத்து வட்டுக்கு ஒரு தரம் துடைக்க வேண்டும். வெட்டியது போக மிஞ்சும் துண்டிலும் கொழுப்பு வீணாகிறது.

ஒரு தாளில் எத்தனை வட்டு எடுக்கலாம்?

30 செ.மீ. சதுரத் தாள், 19 மி.மீ. பஞ்ச், வட்டுக்கு வட்டு 1.5 மி.மீ. இடைவெளி என்று வைத்துக்கொண்டால், கட்டம் கட்டமாக வெட்டினால் 14 வரிசை, வரிசைக்கு 14, மொத்தம் 196. தேன்கூடு போல ஒரு வரிசையின் வட்டுகள் முந்தைய வரிசையின் இடுக்குகளில் விழும்படி வெட்டினால் 16 வரிசை கிடைக்கும், மொத்தம் 224. முதல் வரிசையை மட்டும் அளவுகோல் வைத்துக் கோடு போட்டு வெட்டுங்கள், பிறகு கண்ணே வழிகாட்டும்.

அட்டைத் தக்கைக்கு எந்த அட்டை?

புத்தகம் கட்டுகிறவர்கள் பயன்படுத்தும் கிரே போர்டு. ஆண்டர்சன் தெருக் காகிதக் கடைகளில் கனத்தைச் சொல்லிக் கேட்டால் எடுத்துத் தருவார்கள். 3 மி.மீ. ஒரே தாளாகக் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் 1.5 மி.மீ. வட்டு இரண்டைப் போடலாம், ஆனால் ஒட்ட வேண்டாம். தனித்தனியாக இருந்தாலும் வேலை நடக்கும். வைக்கோல் அட்டை எளிதில் உடையும், ஓரம் உதிரும், அதைத் தவிர்க்கலாம்.

ரவை மேல் மூடிக்குக் கல்யாணப் பத்திரிகை அட்டையே போதும். தங்கத்தாள் ஒட்டியதும் பிளாஸ்டிக் பூசியதும் வேண்டாம். வீட்டில் சேரும் பழைய பத்திரிகைகளுக்கு இதைவிட நல்ல கதி கிடையாது.

காகிதக் கூட்டின் வாயை மடித்து உருட்டினால் மூடி நிற்கும். பித்தளைக் கூட்டின் வாயை மடிக்க முடியாது. மூடியைச் சுற்றி ஓரத்தில் சோடியம் சிலிக்கேட் ஒரு மெல்லிய வளையமாகத் தடவிக் காயவிடுவார்கள். வேகமாக ஒட்டும் சூப்பர் பசை கூட்டில் அடையாக நின்றுவிடும், சுரண்டிக்கொண்டிருக்க வேண்டிவரும்.

மெத்தைத் தக்கைக்குத் தடிமனான ஃபெல்ட் விலை அதிகமாக இருக்கிறதே?

அறிவிப்புப் பலகைகளுக்குள் இருக்கும் 12 மி.மீ. சாஃப்ட் போர்டை வெட்டுங்கள். மரநாரை அழுத்திச் செய்தது அது. தார் பூசிய வகையும் தெர்மகோலும் கூடாது. தார் குழலில் பிசினாக ஒட்டும், தெர்மகோல் உருகும். சாஃப்ட் போர்டு வெட்டும்போது தூள் பறக்கும், மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். 12 மி.மீ. கனம் அதிகமாக இருந்தால் கத்தியால் குறுக்கே பிளந்து 6 மி.மீ. ஆக்கலாம், அடை பிரிகிற மாதிரி அழகாகப் பிரியும்.

கொழுப்புக் கலவை எப்படிச் செய்வது?

முதலில் எதற்கு என்று புரிந்துகொண்டால் அளவை நீங்களே மாற்றிக்கொள்ளலாம். கருமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் வாயுவாகாமல் திடப்பொருளாகத்தான் மிஞ்சும். அந்தக் கசடு ஈரத்தை உறிஞ்சும், காய்ந்தால் ஓடு மாதிரி இறுகும். தக்கையிலுள்ள கொழுப்பு அதை இறுகவிடாமல் இளக்கி வைக்கிறது, அடுத்த தக்கை அதைத் துடைத்துக்கொண்டு போகிறது.

குளிர்நாடுகளில் தேன்மெழுகும் ஆட்டுக் கொழுப்பும் எடைக்கு எடை சமமாகப் போடுவார்கள். இன்னொரு பரவலான கலவை பாரஃபின் மெழுகு 10 பங்கு, ஆட்டுக் கொழுப்பு 10 பங்கு, தேன்மெழுகு 5 பங்கு. 250 கிராம் செய்ய 100, 100, 50. அக்னி நட்சத்திரத்தில் சென்னையில் சமபங்குக் கலவை டப்பாவுக்குள்ளேயே பிசுபிசுத்து, வட்டோடு வட்டு ஒட்டிக்கொள்ளும். தேன்மெழுகு உருக 62 பாகை செல்சியஸுக்கு மேல் வேண்டும், ஆட்டுக் கொழுப்போ அதற்கு வெகு முன்பே இளகிவிடும். அதனால் ஏப்ரல் முதல் ஜூலை வரை தேன்மெழுகு 3 பங்கு, கொழுப்பு 2 பங்கு என்று ஏற்றிக்கொள்ளுங்கள். மார்கழியில் சமபங்குக்குத் திரும்பலாம்.

கறிக்கடையில் சிறுநீரகத்தைச் சுற்றியுள்ள கொழுப்பாகக் கேளுங்கள், அதுதான் கெட்டியானது. பொடியாக நறுக்கி, மூழ்கத் தண்ணீர் விட்டு, சிறு தீயில் ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு, பழைய வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். ஃப்ரிட்ஜில் வைத்தால் மேலே வெள்ளைத் தட்டாக உறையும். தட்டை எடுத்து, அடியிலுள்ள பழுப்பைச் சுரண்டிவிட்டு, ஈரம் போக மறுபடி உருக்குங்கள். உருகும்போது சடசடப்பு நின்றால் தண்ணீர் போய்விட்டது என்று பொருள். உப்பு மட்டும் ஒரு துளிகூடச் சேரக் கூடாது, குழல் துருப்பிடிக்கும். பொரித்த எண்ணெய், சமைத்த கறியின் கொழுப்பு ஆகாது என்பதும் அதனால்தான்.

மெழுகையும் கொழுப்பையும் நேரடித் தீயில் உருக்காதீர்கள். கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குங்கள். மருந்தோ கேப்போ (மருந்தைப் பற்ற வைக்கும் சிறு வெடிமூடி) உள்ள அறையில் அடுப்பே பற்ற வைக்கக் கூடாது.

விலங்குக் கொழுப்பு வேண்டாம் என்றால்?

துப்பாக்கிக் கொழுப்பு இந்த நாட்டில் சாதாரண விஷயமாக இருந்ததில்லை; 1857-இல் என்ஃபீல்டு தோட்டாவில் தடவிய கொழுப்பு எதைக் கொண்டுவந்தது என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறோம். தேன்மெழுகு 2 பங்கு, விளக்கெண்ணெய் 1 பங்கு நன்றாக வேலை செய்யும். தேங்காயெண்ணெய் 24 பாகையிலேயே உருகிவிடும் என்பதால் அதைப் போட்டால் தேன்மெழுகை இன்னும் கூட்ட வேண்டும். கலவை சரியா என்று பார்க்க ஒரு ஸ்பூனை வெயிலில் அரை மணி நேரம் வையுங்கள். விரல் அழுத்தினால் பதிய வேண்டும், வழியக் கூடாது.

வண்டிக்குப் போடும் கிரீஸ், வாசலின்?

வேண்டாம். பெட்ரோலிய எண்ணெய்களும் கிரீஸும் கருமருந்துக் கசடோடு சேர்ந்து தார் மாதிரிக் கறுப்புப் பிசினாகும்; சுத்தம் செய்ய இருமடங்கு நேரம் பிடிக்கும். பெட்ரோலியத்திலிருந்து வந்தாலும் பாரஃபின் மெழுகு மட்டும் இந்தத் தொல்லை தராது.

ஃபெல்ட்டில் கொழுப்பை எவ்வளவு ஏற்றுவது?

வட்டுகளை உருகிய கலவையில் போட்டு, நன்றாக நனைந்ததும் இடுக்கியால் எடுத்துச் சல்லடையில் வடியவிடுங்கள். இரண்டு தகடுகளுக்கிடையே வைத்து அழுத்தினால் உபரி வெளியே வரும். கையில் எடுத்தால் எண்ணெய்ப் பசை தெரிய வேண்டும், சொட்டக் கூடாது. கல் மாதிரி மெழுகு நிரம்பிய வட்டு மெத்தையாகவே இருக்காது, எடையும் கூடிவிடும்.

ரிவால்வருக்கும் ரைபிளுக்கும் இதே முறையா?

கேப் வைத்துச் சுடும் பழைய ரிவால்வருக்கு 3 மி.மீ. கொழுப்பேற்றிய ஃபெல்ட் மட்டும் போதும். .44-க்கு சுமார் 11.5 மி.மீ., .36-க்கு 9.5 மி.மீ. மருந்துக்கும் குண்டுக்கும் நடுவில் வைத்தால் குண்டின் மேல் கிரீஸ் பூசும் அசிங்கம் தேவைப்படாது. .45-70 மாதிரி ரைபிள் தோட்டாவுக்கு ஃபெல்ட் கூடாது, 1.5 மி.மீ. கெட்டி நார்த் தாள், குண்டின் விட்டத்தைவிட இம்மி பெரிதாக வெட்டியது. எதுவானாலும் மருந்து, தக்கை, குண்டு மூன்றும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு உட்கார வேண்டும். நடுவில் காற்றிடம் விட்டால் குழலில் அந்த இடத்தில் வளையம் மாதிரி உப்பும், சில நேரம் வெடிக்கும்.

வாய் வழியாகக் கெட்டிக்கும்போது தக்கை பாதியில் நின்றுவிடுகிறது, அல்லது கஜக்கோலை (தக்கையைக் குழலுக்குள் தள்ளும் கோல்) எடுத்ததும் மேலே எழும்புகிறது.

அடியில் அடைபட்ட காற்று தள்ளுகிறது. அட்டைத் தக்கையின் ஓரத்தில் ஊசியால் ஒரு துளையோ கத்தியால் சிறு கீறலோ போடுங்கள், காற்று வெளியேறும். மருந்துமேல் வரும் ஃபெல்ட்டுக்கு இது தேவையில்லை. பாதியில் நிற்பதற்கு இன்னொரு காரணம் கரியேறிய குழல். அப்படியானால் அழுத்திக் குத்தாமல், ஈரத்துணி ஒன்று ஓட்டி, காய்ந்த துணி ஒன்று ஓட்டி, பிறகு கெட்டியுங்கள்.

கஜக்கோலில் கோடு போட்டு வைத்துக்கொள்வது கட்டாயம்: வெறுங்குழலில் எங்கே நிற்கிறது, முழுச் சுமையில் எங்கே நிற்கிறது என்று இரண்டு கோடு. இரட்டைக் குழலில் இது உயிர் விஷயம். ஒரு குழலைச் சுட்ட உதைப்பில் மற்றக் குழலின் மூடி அட்டை தளர்ந்து, ரவை முன்னால் நகர்ந்துவிடலாம். அப்படியே சுட்டால் குழல் பிளக்கும். ஒரு பக்கம் சுட்டதும், மறு பக்கத்தின் கேப்பை எடுத்துவிட்டு, கஜக்கோலை இறக்கிக் கோட்டைப் பாருங்கள். அடிக்கடி நகர்ந்தால் மூடி அட்டை சிறியது, 0.2 மி.மீ. பெரிதாக வெட்டுங்கள்.

இலக்குத் தாளில் நடுவில் ஓட்டையாக, சுற்றி மட்டும் ரவை விழுகிறது.

மெத்தைத் தக்கை கனமாக இருக்கிறது, அல்லது கொழுப்பு அதிகம். குழலை விட்டு வெளியே வந்ததும் அது ரவைக்கூட்டத்தின் முதுகில் முட்டி நடுவிலிருந்து விலக்கிவிடுகிறது. 12 மி.மீ. வட்டைப் பாதியாகப் பிளந்து இரண்டாகப் போடுங்கள். வெளியே வந்ததும் தனித்தனியாக விலகும்.

ரவைகள் இரண்டு மூன்றாக உருகி ஒட்டிக்கொண்டு விழுந்தால் கதை வேறு. வாயு ஓரமாகக் கசிந்து ஈயத்தைச் சுடுகிறது. தரையில் விழுந்த அட்டைத் தக்கையைத் தேடி எடுத்துப் பாருங்கள், துப்பறிகிற மாதிரிதான். ஒரு பக்க ஓரம் மட்டும் கருகியிருந்தால் அது குழலில் சாய்ந்திருக்கிறது, கனம் போதவில்லை. சுற்றிலும் கருகியிருந்தால் விட்டம் போதவில்லை. ஓரம் சுத்தமாக, அடிமுகம் மட்டும் கறுத்திருந்தால் அது நல்ல தக்கை.

தேங்காய் நார், செய்தித்தாள் உருண்டை போட்டால் என்ன?

அந்தக் காலத்தில் போட்டார்கள். இரண்டும் கங்காக வெளியே விழும். காய்ந்த புல்லில் தீ பிடிக்கும். ஒரு கங்கு குழலுக்குள்ளே தங்கிவிட்டால் அடுத்து மருந்து கொட்டும்போது கையிலேயே பற்றிக்கொள்ளும். கொழுப்பேற்றிய கம்பளி ஃபெல்ட் அவ்வளவு எளிதில் கங்காகாது, ஆனாலும் வாய் வழியாகக் கெட்டிக்கும் துப்பாக்கியில் சுட்டதும் இரண்டு நிமிடம் பொறுத்து, ஈரத்துணி ஓட்டிய பிறகு மருந்தை எடுங்கள். மருந்துக் கொம்பிலிருந்து நேராகக் குழலில் கொட்டாமல் தனி அளவுக் குப்பியில் ஊற்றிக் கொட்டுவதும் இதற்காகத்தான்.

இதே தக்கையை இன்றைய தோட்டாக்களில் வரும் புகையில்லா மருந்துக்குப் போடலாமா?

கூடாது. அந்த மருந்தின் அழுத்தக் கணக்கு தக்கையின் வகையையும் சேர்த்துப் போடப்பட்டது. கருமருந்துக்கான துப்பாக்கியில் புகையில்லா மருந்தே கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம்.

வெட்டியதை எப்படிப் பாதுகாப்பது?

அட்டை வட்டுகளை மூடி இறுகும் எவர்சில்வர் டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டு வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அட்டை ஊதும். செப்டம்பரில் வழுக்கிக்கொண்டு போன வட்டு நவம்பரில் கூட்டுக்குள் நுழையாது. பஞ்சைக் குறை சொல்வதற்கு முன் பத்து வட்டை வெர்னியரில் அளந்து பாருங்கள். ஊதியிருந்தால் ஒரு நாள் வெயிலில் காயப்போட்டால் சரியாகிவிடும். கொழுப்பேற்றிய ஃபெல்ட்டைத் தனி டப்பாவில், வரிசைக்கு வரிசை வெண்ணெய்த் தாள் விரித்து அடுக்குங்கள். காருக்குள் விடாதீர்கள். கரப்பானும் எறும்பும் ஆட்டுக் கொழுப்பைத் தேடி வரும், எலியும் வரும். பிளாஸ்டிக் டப்பாவை அது ஒரே இரவில் கடித்துவிடும்.